கோதுமையும் பாலும் நிறுத்துமுன்

ஆட்டிசம் உள்ள குழந்தை இருக்கும் வீட்டுக்கு வருகிறவர்களில் ஒருவராவது, "கோதுமை, பால் இரண்டையும் நிறுத்திப் பாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். அவற்றை நிறுத்துவதால் ஆட்டிசம் குணமாகாது. நடத்தை மாறும் என்பதற்கும் உறுதியான ஆதாரம் கிடையாது. ஒவ்வாமை, வயிற்றுக் கோளாறு என்று டாக்டரே நிறுத்தச் சொன்னால், கொல்கத்தாவில் குடியிருக்கும் நம்மவர்களுக்குச் சில குறிப்புகள்.

1. கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையை, குழந்தை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிடுங்கள். நிறுத்திவிட்டு எடுத்தால் முடிவு சரியாக வராது.

2. இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: என்ன சாப்பிட்டான், எப்போது மலம் கழித்தான், எப்படித் தூங்கினான். மொத்தமே ஆறு பண்டம்தான் தொடுவான், அதில் இரண்டு பாலும் பிஸ்கட்டும் என்றால், அவற்றைப் பிடுங்குமுன் மாற்று தயாராக இருக்க வேண்டும்.

3. இட்லி, இடியாப்பம், கொழுக்கட்டையில் கவலையில்லை. மாட்டிவிடுவது டப்பாப் பெருங்காயம்! பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும்; லேபிளைப் படியுங்கள். ரவா தோசையும் சேமியாவும் கோதுமைதான். நெய்யில் பால் புரதத்தின் மிச்சம் இருக்கலாம்.

4. தெருவில் முடி (பொரி), சிடே (அவல்) கைகொடுக்கும். சிங்காடா (சமோசா), லுச்சி (பூரி), ரோல் எல்லாம் மைதா. சௌமீன் கோதுமை, அதில் ஊற்றும் சோயா சாஸிலும் கோதுமை இருக்கலாம். ரசகுல்லா, சந்தேஷ், மிஷ்டி தொய் மூன்றும் பால். கடையில் "ஏத்தே மொய்தா ஆச்சே?" (இதில் மைதா இருக்கிறதா?) என்று கேட்கத் தயங்காதீர்கள்.

5. பாலை நிறுத்தினால் சுண்ணாம்புச் சத்துக்கு வழி தேடுங்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. எள்ளுருண்டையும் நல்லது. மீன் சாப்பிடும் வீடென்றால் முள்ளோடு மெல்லும் மௌரலா மீன். வைட்டமின் டி பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

6. கேழ்வரகு தோசையைக் கண்டதும் தட்டைத் தள்ளினால் அது அடம் இல்லை; நிறம் மாறியதுதான் அவனுக்குப் பிரச்சினை. வழக்கமான வெள்ளைத் தோசை மாவில் முதல் வாரம் அரை ஸ்பூன் கேழ்வரகு மாவு, அடுத்த வாரம் ஒரு ஸ்பூன். அதே தட்டு, அதே இடம். ஊட்டிவிட்டுத் திணிக்காதீர்கள், தொட்டுப் பார்த்தாலே அன்றைக்குப் போதும்.

7. வகுப்பில் மற்றவர்கள் டிபனிலிருந்து வரும் கடுகெண்ணெய் வாசனைக்கே சில குழந்தைகள் சாப்பாட்டை மூடிவிடுவார்கள். ஜன்னலோரம் உட்காரவைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

8. பள்ளிக்கு டாக்டர் சீட்டோடு ஒரு கடிதம் கொடுங்கள். ஆசிரியரிடம் மட்டும் சொன்னால் போதாது. பாசத்தில் பிஸ்கட் நீட்டுவது ஆயா மாஷிதான். அவருக்காக வங்காள மொழியில் எழுதிய அட்டை ஒன்றைப் பையில் கட்டுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, குழந்தையின் தேவைக்கேற்ற வசதியைப் பள்ளி செய்து தர வேண்டும்.

9. பிறந்தநாள் கேக் வரும் நாளுக்கென்று, வீட்டில் பிடித்த தேங்காய் வெல்ல உருண்டை (நாடு) இரண்டைத் தனி டப்பாவில் ஆசிரியரிடம் கொடுத்துவையுங்கள். சரஸ்வதி பூஜை கிச்சுடியில் நெய் விட்டார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

10. டாக்டர் சொன்ன கெடு முடிந்தும் மாற்றமே இல்லையென்றால், அவரைக் கேட்டுப் பழைய சாப்பாட்டுக்கே திரும்புங்கள். மாதம் ஒரு முறை எடை பாருங்கள். குறைந்தால் அடுத்த மாதம்வரை காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.