பெரிய ஹெலிகொப்டரும் பெரிய கடையும்

என் மகனிடம் ரிமோட்டில் பறக்கும் 450 ரக மின்சார ஹெலிகொப்டர் ஒன்று இருக்கிறது. இப்போது 600 ரகம் கேட்கிறார். "பெரிசு காற்றுக்கு அவ்வளவாக ஆடாது வாப்பா, தூரத்திலும் நல்லாத் தெரியும்" என்கிறார். உண்மைதான். ஆனால் விலையோடு கணக்கு முடிவதில்லை.

சிறியதற்கு 3 செல், 2200 மில்லி அம்பியர் மணி பற்றரி. பெரியதற்குப் பொதுவாக 6 செல், 5000. கொள்ளும் மின்சாரம் நாலரை மடங்கு. பழைய பற்றரிகள் பொருந்தா. ஒரு மணி நேரத்தில் ஏற்ற சுமார் 125 வாட் சார்ஜர் வேண்டும். எங்களிடம் இருப்பது 50 வாட். இறகின் நீளமும் 325 மில்லிமீற்றரிலிருந்து 600 ஆகிறது. விழுந்தால் செலவும் பெரிது, ஆள்மேல் பட்டால் ஆபத்தும் பெரிது.

"கடைசி 20 தடவையில் எத்தனை தரம் விழுந்தது?" என்று கேட்டேன். "நாலு" என்றார். "20 தடவை விழாமல் பறக்கட்டும், பிறகு பேசுவோம்" என்றேன்.

அன்றிரவு என் கணக்குப் புத்தகத்தைத் திறந்தேன். பக்கத்துக் கடையையும் எடுக்க எண்ணியிருந்தேன். முற்பணத்தை மட்டுமே எழுதியிருந்தேன். சரக்கு, சம்பளம், மின்கட்டணம், வராத கடன் எதுவும் அதில் இல்லை. மகனுக்குச் சொன்ன நிபந்தனையை எனக்கும் வைத்துக்கொண்டேன்: இருக்கும் கடை ஆறு மாதம் நட்டமின்றி ஓடட்டும்.