கேமிங் ரவுட்டர் வாங்கும் முன் இந்த 10 நிமிஷ டெஸ்ட் பண்ணுங்க



ஆபீஸ் முடிஞ்சு வந்து கிளவுட்ல ஒரு கேம் போட்டா படம் உடையுது, பட்டனை அழுத்தினா லேட்டாத்தான் கேரக்டர் நகருதா? உடனே பெரிய பிளானுக்கு மாறவோ, 15,000 ரூபாய் கேமிங் ரவுட்டரை நோ காஸ்ட் இஎம்ஐல வாங்கவோ கிளம்பிடாதீங்க. தாமதம் எங்கே இருக்குன்னு முதல்ல கண்டுபிடிக்கணும்.

ஸ்பீடு வேற, பிங் வேற

கிளவுட் கேமிங்கில் கேம் ஓடுவது தூரத்தில் இருக்கும் சர்வரில். உங்க பட்டன் அழுத்தம் அங்கே போய், படம் திரும்பி வரணும். ஜிஃபோர்ஸ் நவ் 1080பி, 60 ஃபிரேமுக்குக் கேட்பது 25 எம்பிபிஎஸ்தான். ஆனால் பிங் 80 மில்லிசெகண்டுக்குள் இருக்கணும், 40-க்குள் இருந்தா நல்லது. ஒரு ஃபிரேமுக்கு சுமார் 17 மில்லிசெகண்ட். பிங் திடீர்னு 20-லிருந்து 120-க்குத் தாவினா, நீங்க 6 ஃபிரேம் பின்தங்கிட்டீங்க. அதனால பிங் குறைவா இருந்தா மட்டும் போதாது, நிலையாவும் இருக்கணும்.

டெஸ்ட் இதுதான்

1. விளையாடும் இடத்திலிருந்தே லேப்டாப்பில் ரவுட்டரின் முகவரிக்கு பிங் போடுங்க. பல ரவுட்டர்களில் அது 192.168.1.1. இங்கேயே எண் தாவினா, கோளாறு உங்க வைஃபையில்.

2. ரவுட்டர் செட்டிங்கில் 5 கிகாஹெர்ட்ஸ் இருக்கான்னு பார்த்து அதுக்கு மாறுங்க. 2.4-ல் அபார்ட்மென்ட் முழுக்க நெரிசல்.

3. லேன் கேபிள் போட்டுப் பாருங்க. சரியாயிடுச்சா? செலவு சில நூறு ரூபாயோட முடிஞ்சுது. வாடகை வீடா இருந்தா சுவரோரம் கிளிப் அடிச்சு ஓட்டலாம், காலி பண்ணும்போது எடுத்துட்டும் போகலாம்.

4. கேபிளிலும் தாவுதா? வீட்டில் யாராவது போட்டோ பேக்கப் போடும்போது மட்டும் தாவினா, க்யூஓஎஸ் வசதியுள்ள ரவுட்டர் உதவும். எப்பவுமே தாவினா, கம்பெனிக்கு புகார் பண்ணுங்க. சர்வரே தூரத்தில் இருந்தா, எந்த ரவுட்டரும் அந்த தூரத்தைக் குறைக்காது. அதனால வருஷ சந்தா கட்டும் முன் ஒரு மாசம் மட்டும் போட்டுப் பாருங்க.

இப்போ கணக்கு

பிளானுக்கு மாசம் 500 ரூபாய் கூடுதல்னு வைங்க. 18% ஜிஎஸ்டி சேர்த்து 590. வருஷத்துக்கு 7,080 ரூபாய், ஒவ்வொரு வருஷமும். ரவுட்டர் 3,500 ரூபாய்னா, அது ஒரே தடவை செலவு. நோ காஸ்ட் இஎம்ஐயிலும் வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டி, பல பேங்குகளில் பிராசஸிங் ஃபீயும் உண்டு.

டேட்டாவையும் பாருங்க. 25 எம்பிபிஎஸ்னா மணிக்கு சுமார் 11 ஜிபி. தினம் 2 மணி நேரம் விளையாடினா மாசம் 675 ஜிபி. உங்க பிளானின் எஃப்யூபி லிமிட் தாங்குமா?

வாங்கியே ஆகணும்னா

டூயல் பேண்ட், எல்லா போர்ட்டும் கிகாபிட், க்யூஓஎஸ் இருந்தா போதும். உங்க லேப்டாப் வைஃபை 6-ஐ சப்போர்ட் பண்ணினா மட்டும் அதுக்குக் கூடுதலா கொடுங்க. ரூம் ரொம்ப தள்ளி இருந்தா மெஷ் பரவாயில்லை. விலை கம்மியான ரிப்பீட்டர் வேண்டாம், அது தாமதத்தைக் கூட்டும்.

முதல்ல செட்டிங், அடுத்து கேபிள், அப்புறம் ரவுட்டர், கடைசியா பிளான். இந்த வரிசையில போனா, பலருக்கு செலவு ரெண்டாவது படியிலேயே நின்னுடும்.