அச்சுப்பொறியும் இணைய வகுப்பும்

நம் முத்துக்குளித்துறைப் பரதவர்க்கு மறை கற்பித்தற்பொருட்டு அண்டிரிக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டார். மறு ஆண்டு கொச்சியில் வெளிவந்த ‘கிரிசித்தியானி வணக்கம்’ ஆசிரியன் வினவ மாணாக்கன் விடையிறுக்கும் நடையிலமைந்தது. பொறி புதிது, கற்பிக்கும் முறையோ பழையதே.

இணைய வகுப்பிலோ விரிவுரை எளிதிற் பரவுகின்றது, வினாவிடையே அரிதாகின்றது. ஆர்வர்டு, எம்.ஐ.டி. வகுப்புகளை ஆராய்ந்து 2019-இல் ‘சயன்ஸ்’ இதழில் வெளியான கட்டுரை, 2017-18-இல் சேர்ந்தோருள் நூற்றுக்கு மூவரே முடித்தனர் என்கின்றது. கட்டணஞ் செலுத்திச் சான்றிதழ் நாடியோருள் முடித்தவர் நூற்றுக்கு 46 பேர். பொருளுடையார்க்கே ஊக்கமுண்டென இதனாற் கொள்ளலாகாது; வேடிக்கை பார்க்க வந்தாரும் முற்கணக்கில் அடங்குவரன்றோ!

நம் நாட்டு என்.பி.டெல். வகுப்புகளில் வாரந்தோறும் பயிற்சி வினாக்களும், ஐயம் எழுப்ப மன்றமும் உள. கல்லூரிக் கிளைகளில் வழிகாட்டும் ஆசிரியரும் உளர். அன்னார் வாரம் ஒருநாழிகை மாணாக்கருடன் அமர்ந்து, விளங்காதது யாதென வினவுவாராயின், அடிகளார் நூலின் முறை கணிப்பொறிக்கும் வந்தெய்தும்.