திறன் தொலைகாட்டியும் நமது இரவு வானமும்



ஒரு மாசி மாதச் சனிக்கிழமை மாலை. வகுப்புகள் முடிவடைந்தபின், ரொறன்ரோவில் எமது தமிழ்ப் பாடசாலை நடைபெறும் கட்டடத்தின் பின்புற மைதானத்தில் மாணவர்களும் சில பெற்றோரும் கூடி நின்றோம். பனி உறைந்திருந்தது, வானம் தெளிவாக இருந்தது. நடுவில் முக்காலியின் மேல், ஒரு சிறு தண்ணீர்க் குடத்தின் அளவில், திறன் தொலைகாட்டி ஒன்று நின்றது. கைகளைச் சட்டைப்பைக்குள் நுழைத்தபடி எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான்: “சேர், இந்தப் படங்கள் எல்லாம் இணையத்தில் இதைவிட அழகாக இருக்கின்றனவே. நாங்கள் ஏன் குளிரில் நிற்க வேண்டும்?”

நியாயமான வினா. அன்று அவனுக்கு நான் சொன்ன விடை அரைகுறையானது. முழுமையான விடையைத் தரும் முயற்சியே இக்கட்டுரை.

1. திறன் தொலைகாட்டி என்பது யாது?

கலிலியோ 1610ஆம் ஆண்டில் தமது தொலைகாட்டியினூடாக வியாழனைச் சுற்றும் நான்கு நிலவுகளைக் கண்டார். அக்காலம் முதல் தொலைகாட்டி என்பது கண்ணை வைத்துப் பார்க்கும் குழாயாகவே இருந்து வந்தது. பார்க்க வேண்டிய பொருளைத் தேடிப் பிடிப்பதும், பூமி சுழல்வதால் அது விலகிச் செல்லும்போது பின்தொடர்வதும் பார்ப்பவரின் வேலை. பலர் தொலைகாட்டியை வாங்கிச் சில நாட்களில் நிலவறையில் வைத்துவிடுவதற்கு இந்தச் சிரமமே காரணம்.

திறன் தொலைகாட்டியில் கண்ணை வைக்கும் வில்லை பெரும்பாலும் இல்லை. அந்த இடத்தில் ஒளியுணரி ஒன்று உள்ளது. தொலைகாட்டி, ஒளிப்படக்கருவி, திசை திருப்பும் மோட்டர், கணினி, மின்கலம் ஆகிய ஐந்தும் ஒரே பெட்டிக்குள் அடங்கியுள்ளன. நாம் கைத்தொலைபேசியில் ஒரு பொருளின் பெயரைத் தெரிவு செய்தால், கருவி தானே அத்திசைக்குத் திரும்பி, படமெடுத்து, அதைத் திரையில் காட்டுகிறது.

பிரான்சின் யுனிஸ்டெல்லர், வவோனிஸ் ஆகிய நிறுவனங்கள் இவ்வகைக் கருவிகளை முதலில் பரவலாக அறிமுகப்படுத்தின. 2023ஆம் ஆண்டில் சீனாவின் இசட்.டபிள்யூ.ஓ நிறுவனம் வெளியிட்ட சீஸ்டார் எஸ்50 என்பது விலை குறைவானதால் பல குடும்பங்களைச் சென்றடைந்தது. நாம் பயன்படுத்தியதும் அதுவே. அதன் வில்லையின் விட்டம் 50 மில்லிமீற்றர். குவியத்தூரம் 250 மில்லிமீற்றர். நிறை ஏறத்தாழ இரண்டரைக் கிலோகிராம்.

2. அது செயற்படும் விதம்

முதலாவது, ஒளியைச் சேர்த்தல். இருளில் நமது கண்மணி அதிகபட்சம் 7 மில்லிமீற்றர் அளவுக்கு விரியும். 50 மில்லிமீற்றர் வில்லையின் பரப்பு அதைப் போல ஏறத்தாழ 50 மடங்கு. ஆகவே அத்தனை மடங்கு ஒளி உள்ளே வருகிறது. மேலும், கண் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை. ஒளியுணரியோ 10, 20 அல்லது 30 வினாடிகள் ஒளியைச் சேர்த்து ஒரு படமாக்குகிறது.

இரண்டாவது, படங்களை அடுக்குதல். ஒரு படத்தில் உண்மையான ஒளியுடன் வீண் புள்ளிகளும் கலந்திருக்கும். விண்மீன் எல்லாப் படங்களிலும் அதே இடத்தில் இருக்கும். வீண் புள்ளிகளோ படத்துக்குப் படம் மாறும். எனவே பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சராசரி எடுத்தால், உண்மை நிலைக்கும். வீண் புள்ளிகள் மங்கும். 100 படங்களை அடுக்கினால் தெளிவு 10 மடங்காகும். 400 படங்களை அடுக்கினால் 20 மடங்காகும். அதாவது, தெளிவை இரட்டிப்பாக்க நான்கு மடங்கு நேரம் காத்திருக்க வேண்டும். வர்க்கமூலம் படித்த மாணவர்கள் இத்தொடர்பை எளிதில் விளங்கிக்கொள்வர்.

மூன்றாவது, வழியறிதல். கருவி முதலில் ஏதோ ஒரு திசையில் படமெடுத்து, அதிலுள்ள விண்மீன்களின் அமைப்பைத் தன் நினைவிலுள்ள விண்மீன் பட்டியலுடன் ஒப்பிடுகிறது. “இந்த முக்கோணமும் இந்த நாற்கோணமும் இருப்பதால் நான் இன்ன இடத்தைப் பார்க்கிறேன்” என்று அறிந்து, அங்கிருந்து இலக்குக்குத் திரும்புகிறது. கடலோடிகள் விண்மீன்களைக் கொண்டு திசையறிந்ததற்கும் இதற்கும் தத்துவம் ஒன்றே.

3. அமைக்கும் முறை

(அ) பகலிலேயே மின்கலத்தை முழுமையாக மின்னேற்றி, செயலியைக் கைத்தொலைபேசியில் நிறுவி, புதுப்பித்தல்களை வீட்டில் முடித்துக்கொள்ளுங்கள்.

(ஆ) தெரு விளக்கு நேரே படாத, தெற்கு வானம் திறந்திருக்கும் இடத்தைத் தெரிவு செய்யுங்கள். மரத்தாலான மேடைகளைத் தவிருங்கள்; ஒருவர் நடந்தாலே அவை அதிரும். உறுதியான தரையே நல்லது.

(இ) முக்காலியைச் சமமட்டமாக நிறுத்துங்கள். செயலியில் தோன்றும் வட்டக் குமிழி நடுவில் வரும்வரை கால்களைச் சரிசெய்யுங்கள்.

(ஈ) கருவியை இயக்கி, புளூடூத், வை-பை மூலம் தொலைபேசியுடன் இணையுங்கள். தொலைபேசி தன் இருப்பிடத்தை அறிவிக்க அனுமதியளிக்க வேண்டும். இடமும் நேரமும் தெரியாத கருவிக்கு எந்த விண்மீன் எங்கே நிற்கும் என்பது தெரியாது. எமது முதல் மாலையில் இந்த அனுமதியை நான் கொடுக்க மறந்ததால் அரைமணி நேரம் வீணாயிற்று. குளிரில் நின்ற சிறுவர்களின் பொறுமையை அன்று மெச்சினேன்.

(உ) திசைகாட்டியைச் சீர்செய்யுங்கள். வாகனங்களும் இரும்பு வேலிகளும் அருகிலிருந்தால் திசைகாட்டி பிழைக்கும்.

(ஊ) இலக்கைத் தெரிவு செய்யுங்கள். கருவி தானே திரும்பி, குவியத்தைச் சரிசெய்து, படங்களை அடுக்கத் தொடங்கும். இனிமேல் அதைத் தொடாதீர்கள்.

குளிர்காலத்தில் இரண்டு விடயங்களை நினைவிற் கொள்ளுங்கள். கடுங்குளிரில் மின்கலம் விரைவாக இறங்கும். வீட்டினுள் கொண்டுவந்தவுடன் பையைத் திறந்தால் வில்லையில் ஈரம் படியும். ஆகவே பையை மூடியபடியே சில மணி நேரம் வைத்திருந்து, பின்னர் திறவுங்கள்.

எச்சரிக்கை: சூரியனை நோக்குவதாயின், கருவியுடன் வரும் சூரிய வடிகட்டியை வில்லையின் முன் முதலில் பொருத்த வேண்டும். வடிகட்டியின்றித் திருப்பினால் ஒளியுணரி பழுதடையும். வெறுங்கண்ணாலோ சாதாரண கறுப்புக் கண்ணாடியாலோ சூரியனைப் பார்த்தல் கண்பார்வையையே பறிக்கக்கூடும். 2024 ஏப்ரல் 8ஆம் நாள் சூரிய கிரகணத்தின்போது நாம் அணிந்த சிறப்புக் கண்ணாடியை நினைவுகூருங்கள். சிறுவர்கள் பெரியவர் துணையின்றி இதைச் செய்யலாகாது.

4. எவற்றைப் பார்க்கலாம்?

நிலவு: முழுநிலவைவிட அரைநிலவே சிறந்தது. ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே மலைகளின் நிழல் நீண்டு விழுவதால் பள்ளங்கள் தெளிவாகத் தெரியும்.

கார்த்திகை: பழந்தமிழில் அறுமீன் எனப்பட்ட கூட்டம். வெறுங்கண்ணுக்கு ஆறு விண்மீன்கள், திரையில் நூற்றுக்கணக்கானவை. ஏறத்தாழ 440 ஒளியாண்டுத் தொலைவு. நாம் காணும் ஒளி, யாழ்ப்பாண இராச்சியம் நிலவிய காலத்தில் புறப்பட்டது. கார்த்திகை மாதத்து முழுநிலவு இக்கூட்டத்தின் அருகே தோன்றுவதாலேயே அம்மாதம் அப்பெயரைப் பெற்றது.

ஓரியன் வாயுமுகில்: திருவாதிரை என நாம் அழைக்கும் செந்நிற விண்மீன் உள்ள தொகுதியில், வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்களுக்குச் சற்றுக் கீழே உள்ளது. புதிய விண்மீன்கள் பிறக்கும் இடம். தொலைவு ஏறத்தாழ 1,300 ஒளியாண்டுகள். அதாவது பல்லவர் காஞ்சியில் ஆண்ட காலத்து ஒளி. 10 நிமிடத்தில் நல்ல படம் கிடைக்கும்.

அண்டிரோமீடா: நமது பால்வீதியைப் போன்ற வேறொரு பேரடை. இலையுதிர்காலத்தில் பார்க்கலாம். 25 இலட்சம் ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருப்பினும் வானில் மிகப் பரந்தது. ஒரே படத்தில் முழுவதும் அடங்காது.

கோள்கள்: இங்கு ஏமாற்றம் நேரலாம். வியாழன் இக்கருவியின் படத்தில் ஏறத்தாழ 20 புள்ளி அகலமே இருக்கும். நான்கு நிலவுகளைக் காணலாம். மேகப்பட்டைகளை விரிவாகக் காண வேறு வகைத் தொலைகாட்டி வேண்டும்.

செயலியில் எம் 42, எம் 45 போன்ற குறியீடுகளைக் காண்பீர்கள். வால்வெள்ளிகளைத் தேடிய பிரெஞ்சு வானியலாளர் சாள்ஸ் மெசியே, வால்வெள்ளியென மயங்கத்தக்க மங்கலான பொருட்களைப் பட்டியலிட்டார். இன்று அப்பட்டியலில் 110 பொருட்கள் உள்ளன. எம் 42 என்பது ஓரியன் வாயுமுகில். எம் 45 என்பது கார்த்திகை.

நகர வெளிச்சத்திலும் வாயுமுகில்களைப் படமெடுக்கக் கருவியினுள்ளே ஒரு வடிகட்டி உண்டு. ஐதரசன், ஒட்சிசன் ஆகியவற்றின் ஒளியை மட்டும் அது விடுவதால் விளக்கொளி பெருமளவு தடைப்படும். விண்மீன் கூட்டங்களுக்கும் பேரடைகளுக்கும் அது பயன்படாது. அவற்றுக்கு இருண்ட இடமே தேவை. ஒன்ராறியோவின் மஸ்கோக்காப் பகுதியிலுள்ள டொரன்ஸ் பரன்ஸ் 1999 முதல் இருள்வானக் காப்பிடமாக உள்ளது. கோடை விடுமுறையில் குடும்பத்துடன் சென்றுவரத் தக்க இடம்.

5. முதலில் கண், பின்னர் கருவி

இனி அந்த மாணவனின் வினாவுக்கு வருவோம்.

அன்று மாலை, பேரப்பிள்ளையை அழைத்துச் செல்ல வந்த அம்மம்மா ஒருவர் எம்மருகே நின்றார். கருவி இலக்கைத் தேடிக்கொண்டிருந்தபோது, அவர் தலையை உயர்த்தி ஒரு கணம் பார்த்துவிட்டு, “அந்தா கார்த்திகை. அதற்குப் பக்கத்தில் சிவப்பாக நிற்பது ரோகிணி” என்று கைநீட்டிக் காட்டினார். ஊரில் இரவில் முற்றத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த காலத்தில் தம் தகப்பனார் சொல்லித் தந்தது என்றார். பிள்ளைகள் அவர் விரலின் வழியே பார்த்தனர். சில நிமிடங்களில் அதே கார்த்திகை திரையில் விரிந்தது. ஆறு விண்மீன்களைக் கண்டவர்கள் நூற்றுக்கணக்கில் கண்டார்கள். அவரும் குனிந்து திரையைப் பார்த்து, “இத்தனையா!” என்று வியந்தார்.

கருவி காட்டியதை அம்மம்மா அதுவரை கண்டதில்லை. அம்மம்மா காட்டியதைக் கருவி காட்டாது. பெயரைத் தெரிவு செய்தால் படம் வரும்; ஆனால் அப்பொருள் வானில் எங்கே நிற்கிறது என்பதை அண்ணாந்து பாராதவருக்கு அப்படம் இணையப் படங்களுள் ஒன்றே. தலைக்கு மேல் நிற்பதைத் தானே கண்டு, அதன் ஒளி தன் கண்முன் சிறிது சிறிதாகச் சேர்வதைக் காத்திருந்து பார்த்தவருக்கு அது தாம் கண்ட பொருளாகிறது. குளிரில் நிற்பதன் பயன் அதுவே.

ஆகையால் கருவியை இயக்குமுன் தொலைபேசித் திரைகளை அணைத்து, 20 நிமிடங்களாவது இருளில் நில்லுங்கள். கண் இருளுக்குப் பழக அவ்வளவு நேரம் வேண்டும். பெற்றோர்களே, உங்களுக்குத் தெரிந்த விண்மீன் பெயர்களை அப்பொழுது சொல்லிக் கொடுங்கள். தெரியாவிடின் உங்கள் பெற்றோரிடம் கேட்டறியுங்கள். அப்பெயர்களை நேரிற் கண்டறிந்தோர் நம்மிடையே இருக்கும்போதே பிள்ளைகள் அவற்றைக் கற்றுக்கொள்ளட்டும்.

செய்து பார்க்க

கையை நேராக நீட்டி முட்டியை மடக்கினால், அதன் அகலம் வானில் ஏறத்தாழ 10 பாகையை மறைக்கும். வடதிசையில் துருவ விண்மீனைக் கண்டு, அடிவானிலிருந்து எத்தனை முட்டி உயரத்தில் உள்ளதென அளவிடுங்கள். ரொறன்ரோவில் நான்கு முட்டிக்குச் சற்று அதிகம். யாழ்ப்பாணத்தில் ஒரு முட்டி மட்டுமே. துருவ விண்மீனின் உயரம் அவ்விடத்தின் அகலாங்குக்கு ஏறத்தாழச் சமம் என்பதே காரணம்.

அருஞ்சொற்கள்

ஒளியாண்டு – ஒளி ஓராண்டில் செல்லும் தூரம், ஏறத்தாழ 9.46 இலட்சம் கோடி கிலோமீற்றர்.
ஒளியுணரி – ஒளியை மின்குறியாக மாற்றும் தகடு.
குவியத்தூரம் – வில்லையிலிருந்து விம்பம் தெளிவாக விழும் இடம் வரையுள்ள தூரம்.
பேரடை – கோடானுகோடி விண்மீன்களின் பெருந்தொகுதி.
அகலாங்கு – ஓரிடம் மத்திய கோட்டிலிருந்து வடக்கே அல்லது தெற்கே உள்ள பாகை அளவு.

வினாக்கள்

1. 50 மில்லிமீற்றர் வில்லை கண்மணியைவிட ஏறத்தாழ 50 மடங்கு ஒளியைச் சேர்ப்பது எங்ஙனம்? கணக்கிட்டுக் காட்டுக.
2. படங்களை அடுக்கும்போது வீண் புள்ளிகள் மங்குவது ஏன்?
3. கருவிக்கு இடமும் நேரமும் தெரிந்திருக்க வேண்டியது ஏன்?
4. கார்த்திகை மாதம் அப்பெயர் பெற்ற காரணத்தை எழுதுக.
5. உங்கள் வீட்டு மூத்தவர் ஒருவரிடம் அவருக்குத் தெரிந்த மூன்று விண்மீன்களின் பெயர்களைக் கேட்டறிந்து, அவற்றுள் ஒன்றையேனும் அவருடன் சேர்ந்து வானில் கண்டு, அதைப்பற்றிப் பத்து வரிகளில் எழுதி வருக.