ஆயிரம் ரூபாயோடு முடிவதில்லை

கம்பம், சின்னமனூர், போடி என்று எந்த ஊர் டீக்கடையிலும் வண்டி ஓட்டும்போது செல்போன் பேசினால் வரும் அபராதம் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது கோபம்தான். “ஒரு நிமிஷம் எடுத்துப் பேசினதுக்கு ஆயிரம் ரூபாயா?” அந்தக் கோபத்தில் பாதி நியாயமானது. மீதிப் பாதி தவறான நம்பிக்கைகளின் மேல் நிற்கிறது. அந்த நம்பிக்கைகளைக் களைந்துவிட்டால் நியாயமான பாதியைப் பற்றி உரக்கவே பேசலாம். பேசவும் வேண்டும்.

“செல்போனால் எத்தனை விபத்து நடந்துவிட்டது? எல்லாம் வேகத்தால் வருவது”

இப்படிச் சொல்பவர்கள் கையில் ஒரு கணக்கு இருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் செல்போன் காரணம் என்று பதிவானது 3,395 மரணங்கள், அதாவது 2 சதவீதம். அதிவேகம் என்று பதிவானவை 70 சதவீதத்துக்கும் மேல். பிறகு ஏன் செல்போனை மட்டும் குறிவைக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும்.

இந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். காவல் நிலையங்கள் எழுதும் விபத்துப் பதிவுகள்தான் இதற்கு அடிப்படை. நம் ஊர் முதல் தகவல் அறிக்கையில் எந்த விபத்துக்கும் ஒரே வாசகம்தான்: ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து’. அந்த அஜாக்கிரதை எதனால் வந்தது என்று எழுத வேண்டுமானால், மோதுகிற நொடியில் ஓட்டுநர் கையில் போன் இருந்ததை யாராவது பார்த்திருக்க வேண்டும், அல்லது அவரே ஒப்புக்கொள்ள வேண்டும். நசுங்கிய வண்டிக்குள்ளிருந்து ஆளை வெளியே எடுக்கும் நேரத்தில் போன் எங்கே கிடந்தது என்று யார் பார்க்கிறார்கள்? இறந்தவரால் ஒப்புக்கொள்ளவும் முடியாது. ஆகவே 3,395 என்பது கண்ணில் பட்டவை மட்டும். கண்ணில் பட்டதே இத்தனை உயிர் என்றால் அதைச் சின்னக் கணக்கென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

“கையில் பிடித்தால்தான் தப்பு, ஹெட்செட் போட்டால் ஒன்றும் ஆகாது”

கம்பம் பள்ளத்தாக்கில் மிக ஆழமாக வேரோடிய நம்பிக்கை இதுதான். இதற்குச் சட்டமே துணை நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு ஆபத்தாக ஓட்டுவதைப் பற்றியது. 2019-இல் செய்த திருத்தம், கையில் பிடித்த தகவல் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை அந்தப் பட்டியலில் சேர்த்தது. காதில் மாட்டியதைப் பற்றியோ, கார் ஸ்பீக்கரில் பேசுவதைப் பற்றியோ அந்த வரியில் பேச்சில்லை.

ஆனால் ஆபத்து கையில் மட்டும் இல்லை. 1997-இல் கனடாவின் டொராண்டோவில் விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் போன் பில்லை எடுத்து, விபத்து நடந்த நேரத்தோடு ஒப்பிட்டார்கள். பேசிக்கொண்டே ஓட்டும்போது விபத்து வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு. கையில் பிடிக்காத போனால் பாதுகாப்பு கூடியதாகத் தெரியவில்லை. 2005-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், விபத்தில் காயமடைந்து மருத்துவமனைக்கு வந்த 456 ஓட்டுநர்களை வைத்து நடந்த ஆய்விலும் அதே நான்கு மடங்குதான் வந்தது. கையில் பிடித்தவருக்கும் பிடிக்காதவருக்கும் வித்தியாசம் இல்லை.

காரணம் எளிது. பேச்சில் மனம் போய்விட்டால் கண் திறந்திருந்தும் பதியாது. தேனிக்கும் வீரபாண்டிக்கும் நடுவே ஒரு டிராக்டர் பின்விளக்கு இல்லாமல் போய்க்கொண்டிருக்கும். நேராக அதைத்தான் பார்த்துக்கொண்டு வருவோம், பிரேக் மிதிக்க வேண்டும் என்று மூளைக்கு எட்டாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி என்றால் 50 மீட்டர். அந்த 50 மீட்டரும் ஓட்டுநர் இல்லாத வண்டிதான்.

“பக்கத்து சீட்டில் இருப்பவர் பேசினால் மட்டும் கவனம் சிதறாதா?” என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. பக்கத்தில் இருப்பவருக்கும் சாலை தெரிகிறது. எதிரே லாரி ஏறி வந்தால் அவரே பேச்சை நிறுத்திவிடுகிறார், சில நேரம் “பார்த்து, பார்த்து” என்று எச்சரிக்கிறார். போனின் மறுமுனையில் இருப்பவர் திருப்பூரில் உட்கார்ந்து கல்யாண மண்டபம் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பார். நம் முன்னால் மாடு குறுக்கே வந்தது அவருக்குத் தெரியாது.

“எனக்குப் பழகிப்போச்சு” என்பவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 200 பேரை ஓட்டவும் பேசவும் வைத்துச் சோதித்தார்கள். இரண்டையும் ஒருசேரச் செய்து துளியும் தடுமாறாதவர்கள் 2.5 சதவீதம், அதாவது ஐந்தே பேர். அந்த ஐவரில் நாம் ஒருவர் என்று நினைப்பது மற்ற 195 பேருக்கும் சுலபம்.

“மலையில் மெதுவாகத்தானே போகிறோம்”

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு ஏறும்போது போன் பேசாதவர்கள் குறைவு. வளைவுக்கு வளைவு டவர் மாறும். தமிழ்நாட்டு சிக்னல் அறுந்து கேரள சிக்னல் பிடிக்கும். பேசிக்கொண்டிருந்த அழைப்பு பாதியில் துண்டிக்கும். உடனே கண் போனுக்குப் போகும், கட்டை விரல் மறுபடி கூப்பிடும். சமவெளியில் பேசிக்கொண்டு மட்டும் போகிறவரை இந்த மலை திரையைப் பார்க்க வைக்கிறது.

மணிக்கு 20 கிலோமீட்டர்தான் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நொடியில் 11 மீட்டர், ஏறக்குறைய ஒரு அரசுப் பேருந்தின் நீளம். கொண்டை ஊசி வளைவில் அந்தப் பேருந்து திரும்ப மொத்தச் சாலையும் வேண்டும். ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைப்பாதை விதி. எதிர் வண்டி கண்ணுக்குத் தெரியும் முன் ஹாரன்தான் அதன் வருகையைச் சொல்லும். போடிமெட்டின் 17 வளைவுகளிலும் ஓட்டுநருக்குக் கண்ணுக்குச் சமமாகக் காதும் வேண்டும். காதில் இயர்போன் இருந்தால் அந்த ஹாரன் யாருக்காக?

விடியுமுன் இந்த மலைகளில் ஏறும் ஜீப்புகளை நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம், போடியிலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் பெண்கள் தூக்குவாளியோடு நெருக்கி உட்கார்ந்து போகிறார்கள். ஓட்டுநர் எடுத்த அழைப்புக்கான விலையை முதலில் கொடுப்பவர்கள் அவர்கள்தான்.

“மேப் பார்த்தாலும் கேஸ்”

இல்லை. 2020 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள விதி, வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம் என்கிறது. ஓட்டுபவரின் கவனம் கெடக் கூடாது என்பது நிபந்தனை. ஸ்டாண்டில் மாட்டி, புறப்படும் முன்பே ஊரைப் போட்டுவிட்டால் சிக்கல் இல்லை.

“மெட்டைத் தாண்டினால் வேறு சட்டம்”

சட்டம் ஒன்றுதான், தொகைதான் வேறு. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் வந்த அரசாணைப்படி முதல் முறை 1,000 ரூபாய். குமுளி தாண்டினால் கேரளத்தில் 2,000. அங்கே 2023 ஜூன் 5 முதல் கேமராக்களும் வேலை செய்கின்றன. கேரளத்தில் செல்போன் பேசுவது குற்றமே இல்லை என்று உயர் நீதிமன்றம் சொன்னதாகச் சிலர் இன்னும் சொல்லித் திரிகிறார்கள். 2018 மே மாதத் தீர்ப்பு அது. பொதுமக்களுக்கு ஆபத்து விளைவித்தாலன்றி, பேசியதற்காக மட்டும் கேரளக் காவல் சட்டத்தின் 118(இ) பிரிவில் வழக்குப் போட முடியாது என்றது. மறு ஆண்டே நாடாளுமன்றம் 184-ஆவது பிரிவைத் திருத்தியதும் அந்த ஓட்டை அடைபட்டுவிட்டது.

“ஆயிரத்தைக் கட்டினால் கணக்கு தீர்ந்தது”

இதை நம்புகிறவர்கள் உண்மையாகவே நஷ்டப்படுவார்கள். 184-இன் கீழ் நீதிமன்றம் போனால் முதல் குற்றத்துக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சாலையிலேயே ஆயிரம் கட்டி முடித்துக்கொள்வது 200-ஆவது பிரிவு தரும் சலுகை. 2019 திருத்தம் அந்தச் சலுகையோடு ஒரு வரியைச் சேர்த்தது: பணம் கட்டி முடித்துக்கொண்டாலும் அது முந்தைய குற்றமாகவே எண்ணப்படும். மூன்று ஆண்டுக்குள் மறுபடி சிக்கினால் இரண்டாவது குற்றம், தமிழ்நாட்டில் 10,000 ரூபாய்.

லைசென்சும் உண்டு. 206-ஆவது பிரிவுப்படி 184 குற்றத்துக்கு லைசென்சைப் பறிமுதல் செய்து ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பலாம். அபராதம் கட்டிவிட்டது அதைத் தடுக்காது. செல்போன் பேசி ஓட்டினால் லைசென்சைக் குறைந்தது மூன்று மாதம் நிறுத்திவைக்க வேண்டும் என்று 2015-இல் மாநிலங்களுக்குச் சொன்னது உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு. அந்தக் குழு அமையக் காரணம் கோயம்புத்தூர் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கு. உடைந்த எலும்புகளைத் தினமும் பார்த்த ஒருவர் நீதிமன்றப் படியேறினார் என்பதை அபராதத்தைத் திட்டும்போது நினைத்துப் பார்க்கலாம்.

தப்பே செய்யாதவர் பணம் கட்டி முடித்துக்கொள்ளாமல், நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லலாம். அது அவர் உரிமை. கேமரா பதிவு என்றால் 15 நாளுக்குள் அறிவிப்பு வர வேண்டும் என்பதும் விதி.

“எல்லோருக்கும் ஒரே தொகை, அதனால் நியாயம்”

டீக்கடைக் கோபத்தின் நியாயமான பாதி இங்கேதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2024-25-இல் அறிவித்த கூலி நாளொன்றுக்கு 319 ரூபாய். ஆயிரம் என்பது அந்த வீட்டுக்கு மூன்று நாளுக்கும் மேலான உழைப்பு. பெரிய காரில் போகும் ஏலக்காய் வியாபாரிக்கு அது ஒரு வேளை ஓட்டல் பில். போதாததற்கு, காரில் ப்ளூடூத்தில் பேசுகிற அவர் சட்டத்தின் கையில் சிக்குவதே இல்லை. ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு போகும் கூலிக்காரர் தூரத்திலிருந்தே தெரிகிறார். ஆபத்து இருவருக்கும் ஒன்று, தண்டனை ஒருவருக்கு மட்டும்.

பின்லாந்தில் வேகத்தை மிக மீறினால் அபராதம் வருமானத்தைப் பார்த்து வரும். 2023-இல் 50 வேகத்தில் போக வேண்டிய இடத்தில் 82-இல் போன ஒரு தொழிலதிபர் 1,21,000 யூரோ கட்ட நேர்ந்தது. வருமானம் கணக்கில் வராத தொழில்கள் மிகுந்த நம் ஊரில் அது நாளைக்கே நடக்காது. ஆனால் 200-ஆவது பிரிவிலேயே ஒரு வழி இருக்கிறது. அபராதத்தோடு சமூக சேவையும் செய்யச் சொல்ல மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் விபத்துப் பிரிவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஸ்ட்ரெச்சர் தள்ளட்டும். கார்க்காரருக்கும் பைக்காரருக்கும் அது ஒரே கனம்.

லைசென்ஸ் நிறுத்தம் சமமானது என்று சொல்வார்கள். சொந்தக் காரில் போகிறவருக்கு மூன்று மாதம் பேருந்துப் பயணம். லோடு வண்டி ஓட்டிப் பிழைக்கிறவருக்கு மூன்று மாதம் அடுப்பெரியாது. அந்த ஓட்டுநர் எதற்காகப் போனை எடுத்தார் என்றும் கேட்க வேண்டும். திராட்சை ஏற்றிய பிக்கப் உத்தமபாளையம் தாண்டுவதற்குள் மூன்று அழைப்பு வந்துவிடும். “எங்கப்பா வந்துக்கிட்டு இருக்க?” “இந்தா வந்துட்டேன்ணே.” எடுக்காவிட்டால் அடுத்த லோடு வேறு வண்டிக்குப் போய்விடும். தோட்டத்து ஜீப்புக்கும் இதே கதை, அங்கே கூப்பிடுகிறவர் கணக்குப்பிள்ளை.

வேக வரம்பைப் பற்றிய 183-ஆவது பிரிவு, தன்னிடம் வேலை செய்பவரை வேகமாக ஓட்ட வைக்கும் முதலாளியையும் தண்டிக்கிறது. 184-இல் அப்படி ஒரு வரி இல்லை. 188-ஆவது பிரிவு, 184 குற்றத்துக்குத் துணைபோகிறவருக்கும் அதே தண்டனை என்கிறது. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தே திரும்பத் திரும்பக் கூப்பிட்ட ஒரு முதலாளி மீது அது பாய்ந்ததாக இதுவரை என் காதுக்கு எட்டவில்லை. விபத்து வழக்கில் ஓட்டுநரின் போனை எடுத்துப் பார்க்கும் காவல்துறை, அந்த நேரத்தில் அழைத்தது யார், எத்தனை முறை அழைத்தார் என்பதையும் குற்றப்பத்திரிகையில் எழுத வேண்டும். அழைத்தவர் முதலாளியாக இருந்தால் அவரையும் நீதிமன்றத்துக்கு வரவழைக்க வேண்டும். ஆயிரம் ரூபாயில் அவர் பங்கு எவ்வளவு என்று அங்கே கேட்கட்டும்.