விடுதலைக்கு முன்பே ஒரு வெளியுறவு

வண்டன்மேடு

அன்பு மருமகளுக்கு,

சொந்த நாடே கையில் இல்லாதபோது காங்கிரஸ்காரர்களுக்கு ஊர் உலகத்து விவகாரம் எதற்கு என்று, நீ எழுதப்போகும் கட்டுரைக்காகக் கேட்டிருந்தாய்.

1927 பிப்ரவரியில் பிரஸ்ஸல்ஸில் நடந்த ஏகாதிபத்திய எதிர்ப்பு மாநாட்டுக்கு நேரு காங்கிரசின் பிரதிநிதியாகப் போனார். அந்த நேரத்தில் சீனர்களை மிரட்ட பிரிட்டிஷ்காரன் அனுப்பியது இந்தியச் சிப்பாய்களை. அந்த வெட்கம் அவரை உறுத்தியது. அதே ஆண்டு டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ், அந்தப் படை அனுப்பலைக் கண்டித்தது. பிறரை அடிக்கும் தடியாக நம் நாடு இருக்கக் கூடாது. நேருவின் வெளியுறவுச் சிந்தனைக்கு வேர் இதுதான். 1938இல் ஜப்பானியத் தாக்குதலில் தவித்த சீனாவுக்கு காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. படையோ கஜானாவோ இல்லாத அடிமை நாடு வேறு எதை அனுப்பும்? அவர்களில் கோட்னிஸ் 1942இல் அங்கேயே இறந்தார்.

சுபாஷ் சந்திர போஸின் கணக்கு வேறு. பிரிட்டனின் பகைவன் நமக்குத் துணை என்று ஜப்பானை நாடினார். 1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் தற்காலிக இந்திய அரசை அறிவித்தார். மலேயா ரப்பர் தோட்டத் தமிழர்கள், பெண்கள் உட்பட, அவர் படையில் சேர்ந்தார்கள். அவர்கள் துணிவை நான் வணங்குகிறேன். ஆனால் அதே ஜப்பான் சயாம்-பர்மா ரயில்பாதைக்கு இழுத்துப்போன தமிழ்க் கூலிகள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அதை மறந்துவிட்டு போஸின் வழியை எடைபோட முடியாது.

நேருவின் வழியே மேல் என்பேன். விடுதலைக்குப் பிறகும், இலங்கையில் பிறந்து வாழும் தேயிலைத் தோட்டத் தமிழர்கள் அந்த நாட்டு மக்களே என்று அவர் சொல்லிவந்தார். அவர் மறைந்து ஐந்தே மாதத்தில், 1964 அக்டோபர் 30 அன்று, நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசலாம் என்று. சாஸ்திரியும் சிறை சென்ற போராளிதான். ஆனாலும் கொழுந்து பறித்தவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கம்பத்திலிருந்து ஜீப்பில் ஏறிவந்து இங்கே ஏலக்காய் எடுக்கும் பெண்களைப் போன்றவர்கள்தானே அவர்களும்! எனக்கு இன்றும் ஆறவில்லை.

அந்த ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் நீலகிரியில் கூடலூர் போன்ற இடங்களில் இருக்கிறார்கள். கேரளத்தில் புனலூர்ப் பக்கம் அவர்களுக்கென்றே ரப்பர் தோட்டம் போட்டார்கள். உன் கட்டுரையை எழுதுமுன் அவர்களில் ஒருவரிடமாவது பேசு.

அன்புடன்,
மாமா