பஞ்சு மட்டும் போதாது

கையில் சூடு தெரியவில்லை என்று போகிறீர்கள். டாக்டர் பஞ்சால் வருடிப் பார்த்துவிட்டு, "உணர்ச்சியெல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா" என்கிறார். அதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். ஒரு குழாயில் வெந்நீர், இன்னொன்றில் குளிர்ந்த நீர் எடுத்துத் தோலில் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நான் முதலில் பார்த்த எலும்பு டாக்டர் அதைச் செய்யவில்லை. அதற்கு விலையாக என் வலது பெருவிரலின் அடிச்சதை வற்றிப்போனது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தோசைக்கல்லின் விளிம்பில் சுண்டுவிரல் பட்டுத் தோல் தீயும் வாடை வந்த பிறகுதான் கையை எடுத்திருக்கிறேன். துளி வலி இல்லை. ஆனால் அதே விரலுக்கு ரவையின் நறநறப்பு தெரியும், புடவை ஜரிகை தெரியும். இதை அவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். கழுத்து எலும்புத் தேய்மானம் என்று காலர் போட்டார், கழுத்தை இழுத்துக் கட்டும் சிகிச்சைக்கு அனுப்பினார். இருமினாலும் தும்மினாலும் பின்மண்டையில் வெட்டியதைக் காதிலேயே வாங்கவில்லை.

பிறகு வந்த நரம்பு டாக்டர்தான் வெந்நீர் வைத்துப் பார்த்தார். தண்டுவடத்துக்குள்ளேயே நீர் கட்டி நீளவாக்கில் பரவியிருந்தது. சிரிங்கோமைலியா. சூட்டையும் வலியையும் சுமக்கும் நரம்பிழைகள் தண்டுவடத்தின் நடுவே குறுக்காகக் கடந்துதான் மறுபக்கம் போகின்றன. நடுவில் நீர் பெருகினால் முதலில் சேதமாவது அவைதான். தொடுஉணர்வின் இழைகளில் பெரும்பாலானவை பின்பக்கமாக நேரே மேலேறுவதால் தப்பிக்கின்றன. பஞ்சுச் சோதனையில் நான் தேறியதற்கு இதுதான் காரணம். சிறுமூளையின் அடிநுனி மண்டையோட்டுத் துளை வழியாகக் கழுத்துக்குள் இறங்கி, நீரோட்டத்தை மறித்திருந்தது. 5 மி.மீ.க்கு மேல் இறங்கினால் பொதுவாக கியாரி என்பார்கள். ஹான்ஸ் கியாரி 1891-லேயே எழுதிவைத்த கோளாறு. அபூர்வம் என்று சொல்லி யாரும் தப்பித்துக்கொள்ள முடியாது.

எம்.ஆர்.ஐ.க்குச் செலவழிக்கும்போது கழுத்தோடு நிறுத்தாதீர்கள். மண்டையும் கழுத்தும் சேருமிடம், முழு முதுகுத்தண்டு எல்லாம் வேண்டும். கட்டி ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க, முதல் தடவை மருந்து ஏற்றியும் எடுப்பார்கள்.

ஆபரேஷன் என்றதும் நாத்தனார் வீட்டில் எண்ணெய்க் கட்டுக்கு ஆள் பார்த்தார்கள். "முதுகுல கத்தி வச்சா படுக்கைதான் அண்ணி" என்று அழுதாள். கத்தி வைத்தது பின்மண்டையில். எலும்பைக் கொஞ்சம் எடுத்து, மூளையுறையைத் திறந்து ஒட்டுப்போட்டுத் தைத்தார்கள். இருமல் வலி போயிற்று, நீர் சுருங்கியது. கையில் சூடு மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. தொந்தரவு தராத சின்ன நீர்ப்பையைப் படம் எடுத்துக் கண்காணித்தாலே போதும் என்பார்கள், அது சரிதான். சூடு மரத்து, கைச்சதை வற்றத் தொடங்கியவர்கள் நாள் கடத்தவே கூடாது. நான் அவசரப்பட்டேன் என்று இன்றும் பேசும் உறவினர்களுக்கும் இதுதான் பதில்.

அடுப்பருகே இடுக்கி, துணி இல்லாமல் எதையும் தொடாதீர்கள். குளிக்கும் வெந்நீரை வீட்டில் வேறொருவர் தொட்டுப் பார்க்கட்டும். கிரைண்டர் கல்லைத் தூக்காதீர்கள். மலச்சிக்கலை வளரவிடாதீர்கள், முக்கினால் உள்ளே அழுத்தம் ஏறும். ஆண்கள் சலூனில் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுக்கக் கொடுக்கவே வேண்டாம். ராத்திரி ஒருமுறை இரண்டு கைகளையும் விளக்கடியில் திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். வலிக்காத கொப்புளத்தைக் கண்ணால்தான் கண்டுபிடிக்க முடியும்.